பத்துமலைக் குகையில் கரும்புத் தொட்டில்

பிள்ளை வரம் வேண்டி, கிடைத்ததும் பிள்ளையைக் கரும்பில் கட்டிய துணியில் கிடத்தி இரண்டு பேர் சுமக்கும் கரும்புத் தொட்டில் எடுக்க, மலேசியாவில் கோலாலம்பூர் அருகே உள்ள பத்துமலைக்கு வருகிறவர்கள் 272 படிகளை நினைத்துத்தான் மலைக்கிறார்கள். உண்மையில் படியைவிடத் தொட்டில்தான் பாடு. முன்னால் போகிறவர் எப்போதும் இரண்டு மூன்று படி மேலே இருப்பார். ஆகவே உயரமானவர் பின்னால் வந்து தோளில் தாங்கட்டும். முன்னவர் கரும்பை இடுப்பளவுக்கு இறக்கிப் பிடிக்கட்டும். இரண்டு பேரும் தோளிலேயே வைத்தால் பிள்ளை பின்பக்கமாகச் சரியும். முடிச்சுக்குப் பின்புறம் ஒரு கணு இருக்கும்படி மஞ்சள் துணியைக் கட்டினால் ஏறும்போது நழுவாது.

பால்குடம் முக்கால்தான் நிறையவேண்டும். தைப்பூசத்தன்று ஆற்றங்கரையில் தொடங்கிச் சந்நிதி சேர மணிக்கணக்காகும், வெயிலில் பால் திரிந்துவிடும். விடியுமுன் ஏறிவிடுங்கள். சிந்திய பாலும் தண்ணீரும் படியை வழுக்கலாக்கும், வெறுங்காலைப் பக்கவாட்டில் முழுசாகப் பதிக்கவேண்டும். பழத்தையும் தேங்காயையும் பிளாஸ்டிக் பையில் கொண்டுபோனால் குரங்கு விடாது, அந்தச் சரசரப்பு போதும் அதற்கு. வாய் மூடிய துணிப்பைதான் சரி.

மனசுக்கு வேதனையாக இருப்பது வேறு. காவடி ஏறி வருகிற வழியிலேயே நின்று செல்பி எடுக்கிறார்கள். அலகு குத்தியவர் நடுப்படியில் நின்றுவிட்டால் அவர் கால் நடுக்கம் அவருக்குத்தான் தெரியும். கேட்காமலே கையில் மாலையைத் திணித்துவிட்டுக் காசு கேட்பவர்களும் உண்டு. விரதம் இருந்து வருகிறவர்களிடம் இது வேண்டாமே.

மேலே ஏறியதும் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். ஏறத்தாழ நூறு மீட்டர் உயரத்தில் கூரை. இந்தச் சுண்ணாம்புப் பாறை சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்தது. மழைநீர் மண்ணில் இறங்கும்போது கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு இலேசான அமிலமாகிறது. அது பாறையைக் கரைத்துக் கரைத்துத்தான் இந்த மண்டபமே உண்டானது. அதே நீர் குகைக்குள் சொட்டும்போது வாயு பிரிந்துபோக, கரைந்த சுண்ணாம்பு துளியின் விளிம்பில் படிகிறது. மேலிருந்து கல்விழுது இறங்குகிறது, கீழே விழுந்த துளியிலிருந்து கல்முளை எழும்புகிறது. ஒரு விரற்கடை வளர நூறாண்டுகூட ஆகலாம். திருநீற்றுக் கையால் தடவாதீர்கள், ஒடித்தெடுக்கவும் வேண்டாம். கையின் எண்ணெய்ப்பசை படிந்த இடத்தில் சுண்ணாம்பு ஒட்டாது, விழுது கறுத்து வளர்ச்சி நின்றுபோகும். கற்பூரப் புகையும் அப்படித்தான், கற்பூரத் தட்டை விழுதுக்கு அடியில் காட்டாமல் தள்ளி நின்று ஏற்றலாம்.

பெருமழை பெய்து ஓய்ந்த பிறகும் உள்ளே சொட்டு நிற்காது. பாறை இடுக்குகளில் தங்கிய நீர் மெல்லத்தான் இறங்கும். குடை தேடாதீர்கள், அது தலையில் விழட்டும்.

உள்ளே இன்னும் சில படி ஏறினால் கூரை இடிந்து திறந்த வெளி. காலை வெளிச்சம் அந்த வாய்வழியே பச்சைக்கொடிகளைத் தொட்டுக்கொண்டு சரிந்து விழும்.

1892 முதல் இங்கே தைப்பூசம் நடக்கிறது. ஆனால் வேலாயுதர் சந்நிதிமுன் பால் அபிஷேகம் நடக்கும்போது காதைக் கொடுத்துக் கேளுங்கள். மணியோசை ஓய்கிற இடைவெளியில் எங்கோ ஒரு சொட்டு. சிறிது நேரம் கழித்து இன்னொன்று. அர்ச்சகர் கையில் எடுக்குமுன்பே, மனிதர் இங்கே வருமுன்பே, மலை அவனுக்கு ஊற்றிக்கொண்டிருந்தது. தொட்டிலை இறக்கி, பிள்ளையைச் சந்நிதிமுன் தரையில் கிடத்துகிற நேரமும் அதுதான். எத்தனை நாள் மருந்து, எத்தனை சஷ்டி விரதம், எல்லாம் அந்த ஈரத்தரையில் கரைந்துபோகிறது. பெற்றவளுக்கு வாய் திறக்க வராது. முருகா, நீ தந்த பிள்ளை, கொண்டுவந்துவிட்டோம். கந்தா, வேலய்யா, அரோகரா!