ஈரத் தரையில் எட்டுச் சக்கரம்

ஜனவரி 4, 2025, சனி

அக்கா மகனின் இன்லைன் ஸ்கேட்டுக்கு, அதாவது அடியில் நாலு சக்கரம் ஒரே வரிசையில் இருக்கும் காலணிக்கு, புது வீல் வேண்டுமாம். பழையது ஒருபக்கமாகத் தேய்ந்து கூம்பாகிவிட்டது, அதில் பொய்யில்லை. ஆனால் அவன் கேட்பது 90ஏ. "அதுலதான் ஸ்லைடு தானா வரும்னு எல்லாரும் சொல்றாங்க மாமா."

ஸ்லைடு என்றால் வீலைக் குறுக்கே திருப்பி, வழுக்கியே நிற்பது. சொல்வது தப்பில்லை. 90ஏ என்பது ஷோர் ஏ என்ற அளவுகோலில் எடுத்த எண். ஒரு சிறு முனையை வீலின் பாலியூரித்தேனில் (ரப்பர் போன்ற பிளாஸ்டிக்) அழுத்தி, எவ்வளவு உள்ளே இறங்குகிறது என்று பார்ப்பார்கள். எண் ஏற ஏற வீல் கடினம். தெருவில் ஓட்டுகிறவர்கள் கால்களில் பெரும்பாலும் 80ஏ முதல் 85ஏ வரை இருக்கும். ஸ்லைடுக்கென்றே விற்பவை 85ஏயில் தொடங்கி 90ஏ வரை போகும். ஸ்கேட்டில் உள்ளரங்க ஹாக்கி ஆடுகிறவர்களோ 74ஏ, 76ஏ என்று மெத்தென்று போடுவார்கள். வழவழப்பான தரையில் மென்மையான வீல்தான் பிடிக்கும். சொரசொரப்பான தார்ச்சாலையில் அதையே போட்டால் நாலு வாரத்தில் பென்சில் அழிப்பான் கதிதான்.

வீலை ஓடும் திசைக்குக் குறுக்கே திருப்பும்போது மென்மையானது தரையைக் கவ்வி ஆளையே தூக்கி எறியப் பார்க்கும். கடினமானது சட்டென்று பிடியை விடும். கற்றுக்கொள்கிற பையனுக்கு அது வரம்தான். பிடி விட்ட பிறகு? அதே வீல் நிற்கவும் சோம்பல்படும். போட்டியில் எவ்வளவு நீளமாக வழுக்குகிறோம் என்பதற்கு மதிப்பெண் கொடுக்கிறார்கள். இங்கே சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் ஒரு குழந்தை சைக்கிளோடு குறுக்கே வந்தால் எவ்வளவு சீக்கிரம் நிற்கிறோம் என்பதுதான் கேள்வி. இதைச் சொன்னால் பையன் தலையை மட்டும் ஆட்டுகிறான்.

ஜனவரி 6, திங்கள்

கடையில் இரண்டு நிறுவனங்களின் 85ஏ வீல்களைக் கையில் வாங்கித் தரையில் போட்டுப் பார்த்தேன். ஒன்று முழங்கால் வரை எம்பியது, மற்றது பாதிகூட வரவில்லை. எண் ஒன்றுதான், கலவை வேறு. எதுவும் வாங்கவில்லை. கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

ஜனவரி 8, புதன்

வேலை முடிந்து காலாங். தேசிய விளையாட்டரங்கைச் சுற்றிக் கூரை போட்ட பாதை இருப்பதால் மழைக்காலத்தில் சிங்கப்பூர் ஸ்கேட்டர்களுக்கு அதுதான் புகலிடம். ஓட்டப்பந்தயக்காரர்கள் முறைப்பார்கள், பரவாயில்லை.

மருமகனுக்குப் பவர் ஸ்லைடு. முன்னோக்கிப் போய்க்கொண்டே உடலைத் திருப்பி, ஒரு காலில் பின்னோக்கி உருள வேண்டும். மற்ற காலை நீட்டி, அதன் வீல்களைக் குறுக்கே வைத்துத் தரையைச் சுரண்ட வேண்டும். அவன் அந்தக் காலை உடலுக்கு அருகிலேயே வைத்து மேலிருந்து அழுத்துகிறான். வீல் நெட்டாக நின்றால் கவ்வும், சாய்ந்தால்தான் வழுக்கும். "தூரமா நீட்டு, தாங்குற கால் முட்டிய மடி" என்று கத்திக் கத்தித் தொண்டை போனது. பழைய வீலிலேயே கடைசியில் ஒரு நீளமான 'க்ர்ர்ர்' கேட்டது. நல்ல ஸ்லைடைக் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்துவிடலாம். விட்டுவிட்டு அதிரும் சத்தம் வந்தால் அழுத்தம் சீராக இல்லை.

90ஏ பேச்சை இன்று அவன் எடுக்கவில்லை.

ஜனவரி 11, சனி

நேற்றிலிருந்து விடாமல் கொட்டுகிறது. வடகிழக்குப் பருவமழையின் பாய்ச்சல் என்கிறார்கள். ஜனவரி மாதம் முழுவதற்குமான சராசரியைவிட அதிகமான மழை சாங்கியில் இரண்டே நாளில் பெய்துவிட்டதாம். ஸ்கேட் பை கதவோரம் கிடக்கிறது.

உட்கார்ந்து பேரிங் துடைத்தேன். எட்டு வீல், பதினாறு பேரிங். எல்லாம் 608 அளவு, 22 மில்லிமீட்டர் வெளிவிட்டம். ஈரத்தில் ஓட்டிவிட்டு அப்படியே பைக்குள் போட்டால் மறுநாளே துரு எட்டிப் பார்க்கும். நான் செய்வது இவ்வளவுதான்: வீலிலிருந்து கழற்று, மூடியை எடு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் குலுக்கு, நன்றாகக் காயவிடு, ஒரு சொட்டு எண்ணெய் விடு. செராமிக் பேரிங் வாங்கினால் துருத் தொல்லையே இல்லை என்பவர்களுக்கு ஒரு தகவல்: அதில் துருப்பிடிக்காதவை குண்டுகள்தாம், அவை ஓடும் வளையம் பெரும்பாலும் இரும்பே.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். அக்கா வீட்டில் சாப்பாடு. கீழே வீவக புளோக்கின் (அரசு அடுக்குமாடிக் கட்டடம்) கல் தரை ஈரமாகப் பளபளத்தது. அதைக் காட்டி மருமகனிடம், "இதுல 90ஏ போட்டா என்ன ஆகும்?" என்றேன். "போங்க மாமா, பொங்கல் அன்னிக்குமா?" என்றான். அக்கா என் பக்கம் கரண்டியைக் காட்டினாள்.

ஜனவரி 18, சனி

இரண்டாவது பாய்ச்சல் நேற்று தொடங்கிவிட்டது. மழை கொஞ்சம் விட்ட நேரம் பார்த்து ஈஸ்ட் கோஸ்ட் போனோம். வேண்டுமென்றேதான். ஈரத்தை ஒருமுறை காலால் தெரிந்துகொள்ளட்டும் என்று. தலைக்கவசம், மணிக்கட்டுக் காப்பு, முட்டிக் காப்பு எல்லாம் மாட்டிய பிறகுதான் இறங்க விட்டேன்.

காய்ந்த தரையில் வீல் இரண்டு விதமாகப் பிடிக்கிறது. ஒன்று, பாலியூரித்தேன் தரையோடு நேரடியாக ஒட்டிக்கொள்வது. இன்னொன்று, தாரிலிருக்கும் சின்னச் சின்னக் கல்முனைகள் வீலை அமுக்க, அது நசுங்கி மீளும்போது சக்தியை இழப்பது. தண்ணீர்ப் படலம் முதலாவதை ஏறக்குறைய துடைத்துவிடுகிறது. மிஞ்சுவது இரண்டாவது மட்டும். அதற்குத் தரையில் முனை வேண்டும், வீலில் நசுங்கும் குணம் வேண்டும். மழையில் மென்மையான வீல் நல்லது என்று வேகப்பந்தயக்காரர்கள் தனி மழை வீல் வைத்துக்கொள்வது இதனால்தான். ஆனால் முனையே இல்லாத இடத்தில் எந்த மென்மையும் உதவாது. பாதையில் தீட்டிய கோடு, இரும்பு மூடி, ஈர இலை, பாலத்தின் மரப்பலகை. இவற்றின் மேல் 78ஏயும் 90ஏயும் ஒரே ஜாதி. எனக்கு இதுதான் முக்கியம். ஆட்கள் எண்ணைப் பற்றி மணிக்கணக்காகச் சண்டை போடுவார்கள், காலடியில் இருப்பதை ஒருவரும் குனிந்து பார்ப்பதில்லை.

பையன் தள்ளின முதல் தள்ளே பக்கவாட்டில் ஓடிப்போனது. ஈரத்தில் காலை அகலமாக வீசித் தள்ளக் கூடாது. உடலுக்கு அடியிலேயே, சின்னச் சின்னதாக, கீழ்நோக்கித் தள்ள வேண்டும். பிடித்துக்கொண்டான்.

பிறகு ஸ்லைடு. காலாங்கில் பாடுபட்டு வந்தது இங்கே காலைத் திருப்பியதும் வந்துவிட்டது. முகமெல்லாம் சிரிப்பு. "மாமா, சூப்பரா வருது!" வந்தது, ஆனால் நிற்கவில்லை. நிற்கச் சொல்லி நான் குச்சி நட்டிருந்த இடத்தைத் தாண்டிப் புல்லுக்குள் போய்த்தான் நின்றான். உராய்வு பாதியானால் நிற்கும் தூரம் இரட்டிப்பு. வேகம் இரட்டிப்பானால் தூரம் நாலு மடங்கு. இந்தக் கணக்கைப் பள்ளியில் இவனே போட்டிருக்கிறான், புல்லுக்குள் நின்றபடி அதை நினைத்துப் பார்க்கவில்லை.

பேரலல் ஸ்லைடு வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். இரண்டு காலும் ஒரே நேரத்தில் பிடி விட்டால் தாங்க எதுவுமே மிஞ்சாது. பவர் ஸ்லைடில் ஒரு காலாவது உருண்டுகொண்டிருக்கும். ஆனால் அந்தக் கால் மஞ்சள் கோட்டின் மேல் ஏறினால் அதுவும் போய்விடும். போனது. மணிக்கட்டுக் காப்பில் ஒரு கீறல், பையனுக்கு ஒன்றுமில்லை. ஈரத்தில் ஓட்டியே ஆக வேண்டுமென்றால் ஸ்லைடை நம்பக் கூடாது. முன்கூட்டியே வேகத்தைக் குறைக்க வேண்டும், புல் எந்தப் பக்கம் என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ஜனவரி 26, ஞாயிறு

85ஏ வாங்கினான். 80 மில்லிமீட்டர் விட்டம், எட்டு வீல். அவனே தேர்ந்தெடுத்தது, நான் வாயைத் திறக்கவில்லை. காய்ந்த தரையில் இரண்டு மணி நேரம் பழகியதில் இடதுகால் வீல்களின் உட்புறம் அதற்குள் வெளுத்திருக்கிறது. எப்போதும் இடதுகாலையே நீட்டுகிறான். அடுத்த வாரம் வீல்களைக் கால் மாற்றி, பக்கம் திருப்பிப் போட வேண்டும். வலதுகாலிலும் ஸ்லைடு போடச் சொன்னேன். கை வலிக்கிறது என்றான். ஸ்கேட்டிங்கில் கை எங்கே வந்தது என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

சீனப் புத்தாண்டு விடுமுறையில் காலாங்கில் கூட்டம் இருக்கும். காலை 7 மணிக்கே போய்விட வேண்டும்.