துத்துக்காரத்தில் ஒளிந்திருக்கும் சாகித்யம்

பாட்டுக்குச் சொல் வேண்டுமா என்ற கேள்விக்கு நாகஸ்வரத்தை வைத்தே பதில் பார்க்கலாம். நாகஸ்வரத்தில் கீர்த்தனை வாசிக்கும்போது சாகித்யம், அதாவது பாட்டின் சொல், யார் காதிலும் விழாது. ஆனால் வாசிப்பவர் நாக்கில் அது இருந்தே ஆகவேண்டும். வாயில் வைத்து ஊதும் சீவாளியில் ‘து’, ‘த்து’ என்று நாக்கைத் தட்டி ஊதுவதுதான் துத்துக்காரம். எந்த இடத்தில் தட்டுவது என்பதைச் சொல்தான் முடிவுசெய்கிறது.

ஹம்ஸத்வனி ராகத்தில் ‘வாதாபி கணபதிம்’ தொடங்குவதை எடுத்துக்கொள்ளுங்கள். ‘வா’ நெடில். அதற்கு ஒரு தட்டு. அதன்பின் அடுத்த எழுத்து வரும்வரை எத்தனை ஸ்வரம் வந்தாலும் விரலும் மூச்சும் மட்டுமே வேலை செய்யும். ‘கணபதிம்’ என்ற இடத்தில் க, ண, ப, திம் என்று நான்கு தட்டு. பழகாதவர் ஸ்வரத்துக்கு ஸ்வரம் தட்டிவிடுவார். ஸ்ருதி சரி, தாளம் சரி, இருந்தும் நொட்டேஷனை ஒப்பிப்பது போலிருக்கும். அதைவிட மோசம், ‘க’வுக்குப் பிறகு மூச்சை எடுப்பது. கணபதி இரண்டாக உடைந்துவிடுவார்! பாடத் தெரிந்தவர் ஒருவர் முன்வரிசையில் இருந்தால் அவர் முகத்திலேயே தெரியும். அதனால்தான் பாடத்தை முதலில் வாயால் தாளம் போட்டுப் பாட வைத்து, அப்புறம் குழலைக் கையில் கொடுக்கும் வழக்கம்.

மல்லாரி வேறு விஷயம். சாமி புறப்பாட்டுக்குப் பெரும்பாலும் கம்பீரநாட்டை ராகத்தில் வாசிப்பது. ச க ம ப நி என்று ஐந்தே ஸ்வரம், சாகித்யம் கிடையாது. தாளத்தை அப்படியே வைத்துக்கொண்டு அதே உருவை முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று வேகத்தை இரட்டித்துக்கொண்டே போய், பிறகு மும்மூன்றாகப் பிரியும் திஸ்ரத்தில் வாசிக்க வேண்டும். மூன்றாம் காலத்தில் ஸ்வரங்கள் நான்கு மடங்கு வேகத்தில் ஓடும். முதல் காலத்தை அவசரமாகத் தொடங்கியவருக்கு அங்கே நாக்கு சிக்கிக்கொள்ளும். தவில்காரர் காத்திருக்க மாட்டார். மடைப்பள்ளியிலிருந்து நைவேத்தியம் வரும்போது வாசிப்பது தளிகை மல்லாரி, தேருக்குத் தேர் மல்லாரி. சொல் இல்லாமலே கோயிலில் இப்போது என்ன நடக்கிறது என்று அது தெருவுக்குச் சொல்லிவிடுகிறது.

ஆனாலும் மல்லாரியை யாரும் ‘பாட்டு’ என்பதில்லை. மல்லாரி என்பார்கள், அவ்வளவுதான். சொல் இல்லாமல் ராகத்தை விரித்து வாசிக்கும் ஆலாபனைக்கும் அதே கதி. கல்யாண வரவேற்பில் சினிமா மெட்டு ஒன்றை ஊதினால் மட்டும் ‘நல்ல பாட்டு’ என்கிறார்கள், ஒரு சொல்கூட ஒலிக்காதபோதும். கேட்பவர் மனசுக்குள் வரி ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால்தான். வரி தெரியாத வெளியூர்க்காரருக்கு அது வெறும் மெட்டு. ஆகவே பாட்டுக்குச் சொல் வேண்டும் என்றே படுகிறது. வாசிப்பவரிடமோ கேட்பவரிடமோ, யாரிடமாவது அது இருந்தால் போதும். மல்லாரிக்கு அந்தப் பெயர் கிடைக்காததில் குறை ஒன்றும் இல்லை. இப்போது சிலர் மல்லாரிக்கு வரி எழுதிப் பாடவும் செய்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சாமி புறப்படுகிற நேரத்தில் மட்டும் அது வேண்டாம்.