தேடலின் செலவுக் கணக்கு

ஐம்பதை நெருங்கும் நடுத்தரக் குடும்பத்து ஆண்கள் சென்னையில் நான்கு பேர் கூடினால், பேச்சு வீட்டுக் கடனில் தொடங்கி, சர்க்கரை அளவில் சற்று இளைப்பாறி, கடைசியில் திருவண்ணாமலையில் போய் நிற்கிறது. "எல்லாத்தையும் விட்டுட்டு அங்க போய் உக்காந்துடணும் சார்" என்று ஒருவராவது சொல்லாமல் கூட்டம் கலைவதில்லை. அப்படிச் சொன்னவர் மறுநாள் காலை அலுவலக வாசலில் கைரேகை வைத்துக்கொண்டிருப்பார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆயினும் ஒருவரும் சிரிப்பதில்லை, ஏனென்றால் கேட்பவர்களுக்கும் அந்த ஆசை உண்டு. எனக்கும் உண்டு.

பாரிமுனையில் ஏற்றுமதி இறக்குமதிக்கான ஒரு கிளியரிங் ஏஜென்சியில் கணக்கு எழுதுவது என் தொழில். இந்த ஆண்டு எனக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. பழைய மாமல்லபுரம் சாலையில் மூன்று படுக்கையறை கொண்ட ஒரு அடுக்ககத்துக்கு முன்பணம் கட்டி, ஓய்வு பெறும் நாள்வரை தவணை செலுத்துவது ஒன்று. திருவொற்றியூரில் இப்போதுள்ள வாடகை வீட்டிலேயே இருந்துகொண்டு, சேமிப்பை நம்பி வேலையை விட்டுவிட்டு, இருபது வயதிலிருந்து தள்ளிப்போட்டு வந்த தியானத்துக்கும் படிப்புக்கும் முழு நேரத்தையும் கொடுப்பது மற்றொன்று. சுகமா, தேடலா என்று இதை இரண்டு சொற்களில் அடக்கிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் கணக்கு எழுதுபவனுக்கு ஒரு பழக்கம் உண்டு: ஓரிடத்தில் பற்று என்று கண்டால், அதற்கு ஈடான வரவு எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று தேடுவான். ஒருவர் எதையெதையெல்லாம் துறந்தார் என்பதை நம் கதைகள் விரிவாகச் சொல்கின்றன. அவர் இறக்கி வைத்த சுமை யார் தலையில் ஏறியது என்பதை மட்டும் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. என்னை இப்போது உறுத்துவது அந்த ஓரிரு வரிகள்தாம்.

நான் வசிக்கும் ஊரிலேயே பட்டினத்தாரின் சமாதி இருக்கிறது. எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருக்க, அவற்றின் ஹாரன் சத்தத்துக்கும் கடலின் இரைச்சலுக்கும் நடுவில், லிங்கத்தின் முன் சிலர் கண்மூடி அமர்ந்திருப்பார்கள். துறைமுகத்துச் சரக்கின் வரவு செலவை நாள் முழுவதும் எழுதிவிட்டு வரும் எனக்கு, கடல் வணிகம் செய்து பெரும்பொருள் ஈட்டிய ஒருவர் எல்லாவற்றையும் உதறிவிட்டு வந்து அடங்கிய இடம் இந்தச் சாலையோரமாகவே அமைந்தது வேடிக்கையாகத்தான் இருக்கிறது. வளர்ப்பு மகன் விட்டுச்சென்ற பெட்டிக்குள் காதற்ற ஊசியைக் கண்டு அவர் துறவு பூண்ட கதையைச் சொல்லாத தமிழ்ப் பாட்டி இல்லை. ஆனால் அந்தக் கதையில் எனக்கு நெருக்கமானவர் பட்டினத்தார் அல்லர், அவருடைய கணக்குப்பிள்ளை சேந்தனார். களஞ்சியத்தைத் திறந்து ஏழைகளுக்கு வாரி வழங்கச் சொல்லிவிட்டு முதலாளி கோவணத்தோடு வெளியேறிவிட்டார். சொன்னபடி செய்த கணக்குப்பிள்ளையைப் பற்றி உறவினர்கள் அரசனிடம் முறையிட, சேந்தனார் சிறைக்குப் போனார். பட்டினத்தார் இறைவனை வேண்டி அவரை மீட்டார் என்று கதை முடிகிறது. பின்னர் விறகு விற்றுப் பிழைத்த சேந்தனார் படைத்த களியை இறைவன் ஏற்றுக்கொண்டதால்தான் ஆதிரை நாளில் நாம் களி கிண்டுகிறோம் என்றும் சொல்வார்கள். எல்லாம் சரிதான். ஆனாலும் முதலாளிக்கு ஞானம் பிறந்த அன்று சாவிக்கொத்தைக் கையில் வைத்திருந்தவன் விலங்கு பூண்டான் என்ற இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன்.

அதே ஊரில், சமாதியிலிருந்து நடந்து போகும் தொலைவில் தியாகராஜர் கோயில் இருக்கிறது. அங்கே இதற்கு நேர்மாறான ஒருவர் கொண்டாடப்படுகிறார். சுந்தரர் எதையும் துறக்கவில்லை. நெல் வேண்டும் என்றும் பொன் வேண்டும் என்றும் இறைவனிடமே உரிமையோடு கேட்டார். குண்டையூரில் கிடைத்த நெல்லைத் திருவாரூருக்குக் கொண்டுபோக ஆள் கேட்டார். திருமுதுகுன்றத்தில் பெற்ற பொன்னை ஆற்றில் போட்டுக் குளத்தில் எடுத்ததோடு நில்லாமல், அதன் மாற்றையும் உரைத்துப் பார்த்தார் என்று புராணம் சொல்கிறது. இறைவன் கொடுத்ததையே சோதித்து வாங்கிய அந்த அடியாரை எங்கள் தொழிலுக்குக் காவல் தெய்வமாக வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. திருவொற்றியூரில் அவர் சங்கிலியாரை மணந்தார். பிரிந்து போகமாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. அது கருவறையின் முன்னால் நடந்தால் கட்டுப்படுத்துமே என்று அஞ்சி, அந்த வேளையில் மகிழ மரத்தடிக்குப் போய் இருக்கும்படி இறைவனிடமே ஏற்பாடு செய்துகொண்டார். இறைவனோ சங்கிலியாரின் கனவில் தோன்றி, சத்தியத்தை மகிழ மரத்தடியிலேயே வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார். மாசிப் பெருவிழாவில் மகிழடி சேவை என்று அந்தக் காட்சியை இன்றும் நடத்துகிறார்கள். பிறகு திருவாரூர் ஏக்கம் தாங்காமல் சுந்தரர் புறப்பட்டார், ஊர் எல்லையைத் தாண்டியதும் கண் இரண்டும் போயின. இதில் நான் கவனிப்பது ஒன்று: அவர் போனது கேளிக்கைக்காக அல்ல, திருவாரூர்ப் பெருமானைக் காண. காரணம் பக்தியே ஆனாலும், மனைவிக்குக் கொடுத்த வாக்கை மீறியதற்குத் தண்டனை உண்டு என்று இந்தக் கதையைச் சொன்னவர்கள் துணிந்து சொல்லியிருக்கிறார்கள்.

துறந்து போனவர்களில் கணக்கைக் கொஞ்சமேனும் எழுதி வைத்தவர் என்று நான் மதிப்பவர் ரமணர். 1896-ஆம் ஆண்டு ஆகஸ்ட் இறுதியில், பதினாறு வயதில், அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்காகக் கொடுக்கப்பட்ட ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, இரண்டு ரூபாயைக் கடிதத்தோடு வைத்துவிட்டு மதுரையை விட்டுக் கிளம்பினார். கட்டணம் இன்னும் செலுத்தப்படவில்லை என்பதையும் அந்தக் கடிதத்திலேயே குறிப்பிட்டிருந்தார். திருவண்ணாமலையை அடைந்ததும் கையில் மிஞ்சியிருந்த காசை ஐயங்குளத்தில் எறிந்துவிட்டார். தந்தையை ஏற்கெனவே இழந்திருந்த அந்தக் குடும்பத்தில், தாய் அழகம்மாள் பின்னர் வந்து அழைத்தும் அவர் திரும்பவில்லை. ஆனால் 1916-இல் அந்தத் தாய் மகனிடமே வந்து சேர்ந்து, 1922-இல் மறையும்வரை உடன் இருந்தார். கந்தாசிரமத்தில் அடுப்பு மூட்டிச் சமையல் தொடங்கியதும் அவர்தான். தன்னிடம் வந்து இல்லறத்தை விட்டுவிடட்டுமா என்று கேட்டவர்களை ரமணர் பெரும்பாலும் ஊக்குவிக்கவில்லை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். திருவண்ணாமலைக்குப் போய் உட்கார்ந்துவிடப் போவதாகப் பேசும் எங்கள் கூட்டத்தில் இதை நினைவூட்டினால், பேச்சு மீண்டும் சர்க்கரை அளவுக்குத் திரும்பிவிடுகிறது.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை என் மனைவியிடம் விரிவாக எடுத்துச் சொன்னேன். அவள் அரசுப் பள்ளி ஆசிரியை. விடைத்தாள் திருத்திக்கொண்டே கேட்டாள். என் தாயாருக்குப் பல ஆண்டுகளாக இன்சுலின் போட வேண்டியிருக்கிறது. காலையில் குளிர்பதனப் பெட்டியிலிருந்து மருந்தை எடுத்து, குளிர்ச்சி போகும்வரை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மெதுவாக உருட்டி, அளவை வெளிச்சத்தில் இரண்டு முறை பார்த்து, நேற்றுப் போட்ட இடத்தைத் தவிர்த்து வேறிடத்தில் போடுவது அவள்தான். அந்த நேரத்தில் நான் பக்கத்து அறையில் கண்மூடி அமர்ந்திருப்பேன்.

"நீங்க தேடப் போறதுல எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல" என்றாள். "ஆனா அத்தைக்கு ஊசி போடுறது, பையனுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டுறது, இதெல்லாம் எந்தப் பக்கத்துல எழுதுவீங்க? அப்படியே நான் எப்போ தேடப் போறதுன்னும் சேத்து எழுதுங்க."

கடைசி வாக்கியத்துக்கு என்னிடம் விடை இல்லை. வீட்டில் இன்னொருவருக்கும் தேடல் இருக்கக்கூடும் என்பதற்கு எங்கள் கூட்டத்துப் பேச்சில் இடமே இருந்ததில்லை.

அவள் கேட்டதை நினைத்துக்கொண்டே ஒரு நாள் கடற்கரைச் சாலையில் விவேகானந்தர் இல்லத்துக்குப் போனேன். சுகத்துக்கும் துறவுக்கும் இடையே அந்த ஒரு கட்டடம் அலைந்த அலைச்சல் அலாதியானது. 1842-இல் பாஸ்டன் வணிகர் டியூடரின் நிறுவனம் அதைக் கட்டியது பனிக்கட்டியைச் சேமிப்பதற்காக. அமெரிக்க ஏரிகளில் உறைந்த பனியை அறுத்து, கப்பலில் ஏற்றிக் கடல் கடந்து கொண்டுவந்து, சென்னையில் வாழ்ந்த வெள்ளைக்காரர்களின் பானங்களைக் குளிர்விக்கக் கொடுத்தார்கள். உடல் சுகத்துக்காக மனிதர்கள் எவ்வளவு தூரம் போவார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. இயந்திரத்தில் பனிக்கட்டி செய்ய முடிந்ததும் அந்த வணிகம் படுத்துவிட்டது. பிலிகிரி ஐயங்கார் என்ற வசதி படைத்த வழக்கறிஞர் அதை வாங்கி வீடாக்கினார். மேலை நாடுகளிலிருந்து திரும்பிய விவேகானந்தர் 1897 பிப்ரவரியில் அங்கே தங்கினார். அதே ஆண்டு வந்த அவருடைய சக துறவி ராமகிருஷ்ணானந்தர் அங்கேயே மடத்தைத் தொடங்கினார். உரிமையாளர் காலமானபின் 1906-இல் கட்டடம் ஏலத்துக்கு வந்தது. துறவி வேறிடம் பார்க்க வேண்டியதாயிற்று. துறவிக்கும் தலைக்கு மேலே கூரை என்பது வேறொருவருடைய வருமானத்தில்தான் நின்றுகொண்டிருந்தது.

ஆனால் என்னை அங்கே நெடுநேரம் நிறுத்தியது அதற்குப் பின்னர் நடந்தது. 1917-இல் அரசு அந்தக் கட்டடத்தை வாங்கியது. சகோதரி சுப்புலட்சுமி தாம் நடத்திவந்த இளம் விதவையர் இல்லத்தை அங்கே மாற்றினார். சிறுமியாகவே கணவனை இழந்து, பின்னர் மாநிலக் கல்லூரியில் படித்து 1911-இல் பட்டம் பெற்றவர் அவர். அவரிடம் வந்த பெண்களுக்குத் துறவு கட்டாயமாகத் திணிக்கப்பட்டிருந்தது: தலைமுடி போயிற்று, வண்ணச் சேலை போயிற்று, நல்ல சாப்பாடு போயிற்று. எளிமை, விரதம், பற்றின்மை என்று நூல்கள் புகழும் அத்தனையும் கேட்காமலேயே அவர்கள்மேல் ஏற்றப்பட்டிருந்தன. சுப்புலட்சுமி அவர்களுக்குக் கொடுத்தது தியானம் அன்று. பள்ளிப் படிப்பு, ஆசிரியப் பயிற்சி, மாதச் சம்பளம். பொருளைத் துச்சமாகப் பேசுவது அது கையில் இருப்பவனுக்கு மட்டுமே கிடைக்கும் வசதி என்று நான் இப்போது உறுதியாக நினைக்கிறேன். என் மனைவி ஆசிரியையாகச் சம்பளம் வாங்குவதற்கும், நான் வேலையை விடலாமா என்று சாவகாசமாக யோசிப்பதற்கும் அந்தக் கட்டடத்தில் நடந்தது ஒரு தொலைதூரக் காரணம்.

எனக்குத் தெரிந்த ஒருவர் உண்மையாகவே போய்விட்டார். பொதுத்துறைப் பணியை விட்டுவிட்டு, கிரிவலப் பாதைக்கு அருகில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். முகம் தெளிந்திருக்கிறது, குரல் தணிந்திருக்கிறது, பொய்யாக எதுவும் இல்லை. அவருடைய மனைவி வீட்டிலேயே தையல் எடுத்துச் செய்கிறார். இருவரையும் தனித்தனியே பார்த்தவன் என்ற முறையில், அவருடைய அமைதியை என்னால் சந்தேகிக்கவும் முடியவில்லை, முழு மனத்தோடு வாழ்த்தவும் முடியவில்லை.

இதனால் சுகத்தின் பக்கம் ஜெயித்துவிட்டது என்று யாரும் கருத வேண்டாம். அந்த அடுக்ககத்தைப் பார்க்கப் போனபோது விற்பனைப் பிரதிநிதி நீச்சல் குளத்தைக் காட்டிய கையோடு தியான அறையையும் காட்டினார். கண்ணாடிக் கதவு, செயற்கைப் புல், ஒரு புத்தர் தலை. அந்த அறையில் உட்கார நேரம் கிடைக்காத அளவுக்கு மாதத் தவணை வைத்திருந்தார்கள் என்பதுதான் விஷயம். அங்கிருந்து பாரிமுனைக்கு நாள்தோறும் போய்வரும் நேரத்தைக் கணக்கிட்டால், வாங்கப்போவது வீடா, சாலையில் உட்காரும் உரிமையா என்பதே விளங்கவில்லை. சுகத்துக்கும் ஒரு விலை உண்டு, அதையும் வீட்டிலுள்ள எல்லோரும் சேர்ந்துதான் கட்ட வேண்டும்.

ஆகவே அடுக்ககம் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். மகனின் படிப்பு முடியும்வரை வேலையில் இருப்பேன், அதன்பின் எங்கள் நிறுவனம் சம்மதித்தால் வாரத்தில் சில நாள்கள் மட்டும் போவேன். இது வீரமான முடிவு அன்று; எங்கள் கூட்டத்தில் சொன்னபோது, "அட, இதுக்குத்தானா இவ்வளவு யோசனை?" என்று கேட்டார்கள். வேறொன்றும் முடிவாயிற்று. வரும் பௌர்ணமிக்கு என் மனைவி பள்ளியில் உடன் வேலை செய்யும் ஆசிரியைகளோடு கிளாம்பாக்கத்தில் திருவண்ணாமலைப் பேருந்து ஏறுகிறாள்; கிரிவலப் பாதையின் பதினான்கு கிலோமீட்டரையும் நடந்துவிட்டு, இரண்டு நாள் தங்கி வருவதாகத் திட்டம். அதற்காக நான் ஊசி போடப் பழகிக்கொண்டிருக்கிறேன். என் கை நடுங்குவதாக அம்மா தினமும் புகார் சொல்கிறார். என் முறை எப்போது என்று மனைவியிடம் கேட்டதற்கு, "முதல்ல அத்தை உங்க கையை ஒத்துக்கட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லியிருக்கிறாள்.