கேரம் பலகையின் மேல் ஆறு ரோபோக்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மாடியறையில் சும்மா கிடந்த கேரம் பலகை, இரண்டு மாதங்களாக ஆறு சிறு ரோபோக்களின் களமாக இருக்கிறது. புதுச்சேரியில் பொறியியல் இறுதியாண்டு படிக்கும் அக்கா மகளின் புராஜெக்ட் அது. எனக்குச் சால்டரிங் பழக்கம் உண்டு என்பதால், ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு எடுபிடியாக இருக்கிறேன்.

பல எளிய ரோபோக்கள் தலைமைக் கணினி இல்லாமல் கூட்டாக இயங்கும் திரள் ரோபோ ஆய்வில், தனி ரோபோவுக்கு அறிவு குறைவாக இருப்பதே அழகு என்ற எண்ணம் நெடுநாளாக உண்டு. ஹார்வர்டில் உருவான கிலோபாட் என்ற குட்டி ரோபோவின் விட்டம் 33 மில்லிமீட்டர். 8 மெகாஹெர்ட்ஸில் ஓடும் அதன் சிப்பில் இருக்கும் ராம் (தற்காலிக நினைவகம்) 2 கிலோபைட் மட்டுமே. ஆனாலும் 2014இல், அமைக்க வேண்டிய வடிவத்தை முன்கூட்டியே கொடுத்துவிட்ட பின், 1,024 கிலோபாட்டுகள் அக்கம்பக்கத்து ரோபோக்களோடு மட்டும் பேசிக்கொண்டு, சுமார் 12 மணி நேரத்தில் நட்சத்திரமாக அணிவகுத்தன.

அந்த எளிமை, ரோபோவுக்குக் கேமரா என்ற கண்ணை வைத்ததும் உடைந்துவிடுகிறது. சுவிட்சர்லாந்தின் இ.பி.எஃப்.எல். நிறுவனத்தில் பிறந்த இ-பக் ரோபோவின் கேமரா 640 x 480 புள்ளிகள் கொண்டது. புள்ளிக்கு இரண்டு பைட் என்றால் ஒரு வண்ணப்படத்துக்கு 6,14,400 பைட் வேண்டும். அதன் ராமோ 8 கிலோபைட். எனவே 40 x 40 அளவுக்குச் சுருக்கிய படத்தைத்தான் அது வழக்கமாக எடுக்கிறது. படத்தை வைஃபை வழியாக மேசைக் கணினிக்கு அனுப்பி அங்கே கணக்கிடலாம்தான். ஆனால் அந்தக் கணினி நின்றால் எல்லா ரோபோக்களும் நிற்கும், அதைத் திரள் என்று சொல்வதில் பொருளில்லை.

பிரிஸ்டல் ரோபாட்டிக்ஸ் ஆய்வகத்தினர் 2018இல் வெளியிட்ட எக்ஸ்பக் என்ற ரோபோ இதனால்தான் என்னைக் கவர்ந்தது. இ-பக்கின் தலையில், எட்டு கோர் கொண்ட எக்ஸினாஸ் 5422 என்ற செல்போன் சிப் உள்ள போர்டை ஏற்றினார்கள். திரளின் மொத்தக் கணிதிறன் இரண்டு டெராஃபிளாப்பை, அதாவது நொடிக்கு இரண்டு லட்சம் கோடி கணக்குகளைத் தாண்டியது. ஒவ்வொரு ரோபோவும் தன் உலகத்தைத் தனக்குள்ளேயே சிமுலேஷனாக ஓட்டி, பலவகை நடத்தைகளைச் சோதித்து, தேறியவற்றை மற்ற ரோபோக்களோடு பகிர்ந்துகொண்டது.

எங்கள் வசதிக்கு ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ என்ற சிறு கணினிப் போர்டு (சுருக்கமாக 'பை') போதும் என்று முடிவு செய்து, முதலில் இரண்டு ரோபோக்களில் மட்டும் பொருத்தினோம். தொல்லை, நான் எதிர்பார்த்தபடியே, கணக்கில் வரவில்லை, பேட்டரியில் வந்தது. இரு மோட்டார்களும் ஒன்றாகக் கிளம்பும் கணத்தில் மின்னழுத்தம் சரிந்து, பை மறுபடியும் பூட் ஆகத் தொடங்கும், ஒருமுறை எஸ்.டி. கார்டே கெட்டுப்போயிற்று. பைக்குத் தனி 5 வோல்ட் கன்வெர்ட்டரும், மோட்டார் பக்கம் 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் வைத்து, மோட்டார் வேகத்தைப் படிப்படியாக ஏற்றிய பிறகே அமைதி வந்தது. ஒரு 2,600 எம்.ஏ.எச். 18650 வகை லித்தியம் செல் தருவது ஏறக்குறைய 9.6 வாட்-மணி, படத்தை இடைவிடாமல் அலசும் பையே அதில் பெரும்பங்கைத் தின்றுவிடுகிறது.

அதனால் வேலையைப் பிரித்துவிட்டோம். மோட்டாரையும் முட்டாமல் விலகுவதையும் ரோபோவில் ஏற்கெனவே இருந்த இ.எஸ்.பி.32 என்ற எளிய கட்டுப்பாட்டு சிப் பார்த்துக்கொள்ளும், பை கேமராவைப் பார்த்து, போக வேண்டிய திசையை மட்டும் சீரியல் இணைப்பு வழியே அதற்குச் சொல்லும். அரை நொடி பை பேசாவிட்டால் இ.எஸ்.பி.32 தன் போக்கில் இயங்கும். பையில் ஓடும் லினக்ஸ் இயங்குதளம் எப்போது எந்த வேலையில் மூழ்கும் என்று சொல்ல முடியாது. சக்கரத்தை அதன் கையில் விடக்கூடாது என்பது என் பிடிவாதம்.

"எல்லாத்துக்கும் கண்ணு எதுக்கு மாமா, ரெண்டு போதாதா?" என்று அவள் கேட்டாள். போன ஞாயிறு மாலை, பார்வையுள்ள இரண்டையும் வேண்டுமென்றே அணைத்துப் பார்த்தோம். மற்ற நான்கும் ஒன்றையொன்று விலக்க முயன்று, பலகையின் ஒரு மூலைக் குழியருகே சுற்றிச்சுற்றி வந்தன. மீதி நான்கு ரோபோக்களுக்கும் வேண்டிய பை போர்டுகளுக்கு அன்றிரவே ஆர்டர் போட்டாள்.