மிமாசின் நிழல்

மேகம் மூடிவிட்டது. மொட்டை மாடியில் தொலைநோக்கியைச் சும்மா நிறுத்திவிட்டு, ஐந்து பேரும் ஒரே கைப்பேசியின் மேல் குனிந்திருந்தோம்.

2009 பிப்ரவரி 24 அன்று ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த சனிக்கோளின் படம்.

வளையம் கத்தி விளிம்பாய் மெலிந்திருக்கிறது. அது நமக்கு இப்படிப் பக்கவாட்டில் திரும்புவது ஏறத்தாழ 15 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான். சனியின் ஆரஞ்சு நிற நிலவான டைட்டன் தன் பெரிய நிழலைக் கோளின் வடக்கே விழவைத்திருக்கிறது. டயோனி, என்செலடஸ் என்ற இரு நிலவுகளும் ஓரத்தில் தங்கள் முறைக்குக் காத்து நிற்கின்றன.

நண்பர் படத்தை விரலால் பெரிதாக்கினார். "இதோ, மிமாஸ்!"

அருகிலேயே கறுப்பாய் ஒரு புள்ளி. மிமாசின் நிழல்! 400 கிலோமீட்டர் அகலம்கூட இல்லாத நிலவு. 125 கோடி கிலோமீட்டருக்கு அப்பால், அங்குள்ள மேகங்களின் மேல் அதன் நிழல் விழுகிறது. அதை நாம் இங்கே பார்க்கிறோம். எனக்குச் சிலிர்த்துவிட்டது.

என் ஆறு அங்குலத் தொலைநோக்கியில் டைட்டன் வெறும் ஒளிப்பொட்டுதான். ஆனாலும் இனி அந்தப் பொட்டைப் பார்க்கும்போதெல்லாம் அதன் நிழலையும் தேடுவேன்.

இரண்டு மணிக்கு மேகம் விலகியது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை.