பர்னபா காட்டிய நீடிய பொறுமை

கலாத்தியர் 5-ஆம் அதிகாரம் ஆவியின் கனியாக எண்ணும் 9 குணங்களை ஞாயிறு பள்ளியிலேயே மனப்பாடம் செய்துவிடுகிறோம். அவற்றுள் நீடிய பொறுமையும் தயவும் நடைமுறையில் எப்படியிருக்கும் என்பதற்கு நான் பர்னபாவையே நினைப்பதுண்டு. சீப்புருதீவைச் சேர்ந்த இந்த லேவியர் தம் நிலத்தை விற்ற பணத்தை அப்போஸ்தலரிடம் ஒப்படைத்தவர்; எருசலேமில் சீஷர்கள் எல்லாரும், முன்பு தங்களைத் துன்பப்படுத்தியவரும் பின்னர் பவுல் எனப்பட்டவருமான சவுலுக்கு அஞ்சி விலகி நின்றபோது, அவரை அழைத்துச் சென்று அப்போஸ்தலர்முன் நிறுத்தியவரும் அவரே.

ஆயினும் மாற்குவின் விஷயத்திலேதான் அந்தக் குணம் முழுமையாகச் சோதிக்கப்பட்டது. பெர்கேயில் ஊழியத்தை விட்டுத் திரும்பிப் போன அந்த இளைஞனை மறுபடியும் அழைத்துச் செல்லப் பர்னபா விரும்பினார்; பவுல் மறுத்தார். அவருடைய மறுப்பும் நியாயமற்றதன்று. மாற்கு பர்னபாவுக்கு உறவினன் என்பதால் பாசமும் கலந்திருக்கலாம். எப்படியிருந்தாலும், கடும் வாக்குவாதத்துக்குப் பின் பர்னபா அவனோடு சீப்புருவுக்குக் கப்பலேறினார். அதன்பின் அப்போஸ்தலர் நடபடிகளில் அவரைப் பற்றிய பேச்சே இல்லை. பிற்காலத்தில் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதிய பவுலோ, ஊழியத்தில் தமக்குப் பயன்படுகிறவன் என்று சொல்லி மாற்குவைக் கூட்டிவரச் சொல்கிறார்.

நம் சபைகளில், ஒருமுறை பொறுப்பைக் கைவிட்ட வாலிபனின் பெயர் அடுத்த பட்டியலில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. வாலிபர் ஐக்கியத்தின் புதிய பொறுப்புகளைப் பிரித்தளிக்கும்போது அப்படிப்பட்டவர்களையும் மூப்பர்கள் நேரில் சந்தித்துப் பேச வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.