அஸ்வெசும மேன்முறையீடும் எங்கள் மெம்பரும்

2023 ஜூலையில் இலங்கையில் அஸ்வெசும என்ற அரசாங்க நிவாரணப் பணத் திட்டம் தொடங்கியபோது பட்டியலில் எங்கள் குடும்பத்தின் பெயர் இல்லை. நுவரெலியா மாவட்டத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருக்கிறோம். அம்மாவும் அண்ணியும் கொழுந்து பறிக்கிறார்கள், அப்பாவுக்கு உடம்பு முடியாது, அண்ணனின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். கோதுமை மாவு, பால்மா எல்லாம் 2022இல் ஏறிய பிறகு பழைய விலைக்குத் திரும்பவே இல்லை. எங்களுக்கே கிடைக்காவிட்டால் வேறு யாருக்குத்தான் இந்த உதவி?

அப்போது போய்ச் சொல்ல மெம்பர், அதாவது பிரதேச சபை உறுப்பினர்கூட இல்லை. பிரதேச சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2025 மே மாதம்தான் நடந்தது. சனம் மிகவும் தவித்த காலத்தில் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பிரதிநிதி இல்லாமல் போனது பெரிய அநியாயம்.

மேன்முறையீடு போடச் சொன்னார் கிராம சேவகர். அதற்குப் பிரதேச செயலகம் போனால் அன்றைக்குப் பேர் விழாது, சம்பளம் போய்விடும். 2024 செப்டம்பரில் கூட்டிய பிறகும் நாள் சம்பளம் 1,350 ரூபாவாகத்தான் இருந்தது. பஸ் காசு வேறு. அம்மாவும் நானும் போய் வரிசையில் நின்றோம், படிவம் கொடுத்தோம், ஏன் விடுபட்டோம் என்று மட்டும் யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. நானே விசாரித்துப் பார்த்ததில், படிப்பு, சுகாதாரம், சொத்து, வீடு என்று 22 அளவுகோல்களை வைத்து மதிப்பிடுகிறார்களாம். மின்சாரப் பாவனையும் பார்க்கிறார்கள். எங்கள் லயத்திலோ மூன்று வீடுகளுக்கு ஒரே மீட்டர். பில் எங்கள் பெயரில் வருகிறது, மூன்று வீட்டுப் பாவனையும் எங்களுடையது போலத் தெரியும். சந்தேகம் அங்கேதான் விழுந்தது.

தேர்தலுக்குப் பிறகு வந்த மெம்பரிடம் இதைச் சொன்னேன். "தங்கச்சி, உங்க வீட்டுக்கு மட்டும் பேசினா வேலை நடக்காது. இதே மாதிரி எத்தனை வீடு இருக்குன்னு எழுதிக் கொண்டு வாங்க" என்றார். நானும் இன்னும் சில பிள்ளைகளும் லயம் லயமாகப் போய் எழுதினோம். மீட்டர் பிரச்சினை ஒரு பக்கம் இருக்க, பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் இன்னொரு பெயரும் இருந்தவர்கள் நிறையப் பேர். சிலருக்கு வங்கிக் கணக்கே இல்லை.

அந்தப் பட்டியலை அவர் பிரதேச செயலாளரிடம் கொடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாரிகளைத் தோட்டத்துக் கோயில் மண்டபத்துக்கே வரவைத்தார். யாருக்கும் சம்பளம் போகவில்லை. தமிழில் கேட்டு, தமிழிலேயே எழுதிக்கொண்டார்கள். என் கண்ணில் இதுதான் பெரிய உதவி. புதுவருஷத்துக்கு அரிசிப் பொதி கொடுத்துப் படம் எடுக்கும் அரசியலை நாங்கள் நிறையப் பார்த்துவிட்டோம். பொதி ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். அலுவலகத்தைத் தோட்டத்துக்குக் கொண்டுவருவதும், ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் பட்டியலோடு எழுந்து பேசுவதும் ஓட்டு வாங்கியவர்களால் மட்டும் முடிகிற வேலை. தோட்டம் எங்கள் பொறுப்பில்லை என்று சபை ஒதுங்கவும் இப்போது வழியில்லை. சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிக்க இருந்த சட்டத் தடை 2018இல் திருத்தப்பட்டது.

அடுத்து ஒரு நாள் கிராம சேவகர் வீட்டுக்கே வந்து மீட்டரைப் பார்த்துவிட்டுப் போனார். அப்புறம் எங்களை 'வறிய' பிரிவில் சேர்த்தார்கள். மாதம் 10,000 ரூபா அம்மாவின் கணக்குக்கு வருகிறது. கடைக் கடனை இப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாக அடைக்கிறோம். பக்கத்து லயத்து அக்காவுக்குப் பெயர்த் திருத்தம் முடியாததால் இன்னும் வரவில்லை. அவருடைய கோப்பை நானும் மெம்பரும் விடாமல் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.

வீட்டுக்கொரு மீட்டர் கேட்டு லயத்தில் எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அதற்குத் தோட்ட நிர்வாகத்தின் சம்மதக் கடிதம் வேண்டும். அடுத்த வாரம் மெம்பர் துரையை, அதாவது தோட்ட மேனேஜரைப் பார்க்கப் போகிறார், லயத்துப் பெண்கள் சிலரும் கூடப் போகிறோம்.